ஏப்ரலில் ஏறும் கோடு

லிங்கராஜுக்கு அண்ணாச்சி என்ற சொல் பிடிக்காது. அவருடைய அப்பாவை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடையில் புளி, மிளகாய் வற்றல், கருப்பட்டி எல்லாம் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும். அந்தக் கடையில் உட்காரக் கூடாது என்பதற்காகவே லிங்கராஜ் எம்.சி.ஏ. படித்தார். சென்னையில் சில காலம் வேலை பார்த்தார். வேலை போனது. திரும்பி வந்து மூன்று வருடம் அதே கடையில் உட்கார்ந்தார். அந்த மூன்று வருடங்களைத் தன்னைப் பற்றிய குறிப்பில் 'சில்லறை வணிக ஆலோசகர்' என்று போட்டிருக்கிறார்.

இப்போது எல்லோரும் சார் என்கிறார்கள். கரைமுகம் என்ற பயிற்சி நிறுவனத்தின் தூத்துக்குடி அலுவலகத்தில் அவர் கற்றல் தரவுப் பகுப்பாய்வுப் பொறுப்பாளர். இந்தப் பெயரைத் தடுமாறாமல் சொல்ல அவர் மனைவி பானுப்ரியாவுக்கு ஆறு மாதம் பிடித்தது. விருந்தாளிகள் கேட்டால் இப்போதும் "கம்ப்யூட்டர்ல இருக்காவ" என்றுதான் சொல்கிறாள்.

கரைமுகம் மீனவர் வீட்டு இளைஞர்களுக்குக் கடல் எஞ்சின் பராமரிப்பு சொல்லிக்கொடுக்கிறது. ஜனவரியில் தொடங்கும் படிப்பு. பாடமெல்லாம் போனில். பணம் கொடுப்பது ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை. படிப்பவன் எப்போது ஆப்பைத் திறக்கிறான், எவ்வளவு நேரம் பார்க்கிறான், எந்த இடத்தில் நிறுத்துகிறான், எந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான், கேள்விக்கு விடை சொல்ல எவ்வளவு யோசிக்கிறான் என்பதெல்லாம் எண்களாகி லிங்கராஜின் திரைக்கு வரும். ஒவ்வொருவனுக்கும் ஒரு புள்ளி. ஒழுங்காகப் படித்தால் பச்சை. தடுமாறினால் மஞ்சள். ஒரு வாரம் ஆளைக் காணோம் என்றால் சிவப்பு.

புள்ளிக்குப் பின்னால் இருந்த ஆளை லிங்கராஜ் பார்த்ததில்லை. மீன்பிடித் துறைமுகம் அலுவலகத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். அங்கே போனால் சட்டையில் வாடை ஏறும்.

"மொகம் ஏமாத்தும். டேட்டா ஏமாத்தாது" என்பார் பேச்சிச்செல்வியிடம். அவள் மாணவர்களுக்குப் போன் போட்டு ஏன் படிக்கவில்லை என்று கேட்கும் வேலையில் இருந்தாள்.

"அப்போ ஆதார் கார்டுல ஏன் சார் மொகத்த ஒட்டிக் குடுக்காவ?" என்றாள் அவள்.

பதில் இல்லாத கேள்விகளை அவர் அடிப்படைக் கேள்விகள் என்று வகைப்படுத்தியிருந்தார். அடிப்படைக் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்குவதில்லை.

செப்டம்பர் கடைசியில் பச்சைப் புள்ளி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கொச்சியில் ஒரு மாதம் செய்முறைப் பயிற்சி. அதை முடித்தவர்களைத் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து உள்ளே கொண்டுவரும் இழுவைப் படகுகளின் எஞ்சின் அறையில் எடுத்துக்கொள்வார்கள். மாதச் சம்பளம். சீருடை. இனிகோ என்ற மாணவனுக்கு அந்தப் பயிற்சியில் ஒரு சீட்டு வேண்டும்.

இனிகோ விசைப்படகில் வேலை பார்ப்பவன். கடலில் எஞ்சின் நின்றுபோனால் அவனுடைய படகின் டிரைவர் ஸ்பேனரால் அதை இரண்டு தட்டுத் தட்டி, மாதாவைக் கூப்பிட்டு, மறுபடி ஸ்டார்ட் போடுவார். பெரும்பாலும் ஓடிவிடும். ஓடிய பிறகு எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். ஏன் நின்றது, ஏன் ஓடியது என்று இனிகோ ஒருமுறை கேட்டான். "ஓடுதுல்லா, பெறகென்னலே" என்றார் டிரைவர். அந்தக் கேள்வியோடுதான் அவன் கரைமுகத்தில் சேர்ந்தான். சீருடை ஆசையும் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

முதல் மூன்று மாதம் கடற்கரை மாணவர்களின் புள்ளிகள் எல்லாம் சிவப்பாக இருந்தன. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து இந்துமதி மேடம் திரைவழிக் கூட்டத்தில் வந்து, இப்படியே போனால் தூத்துக்குடிக் கிளையை மூடிவிடலாம் என்றார். கிளையை மூடினால் லிங்கராஜுக்கு அப்பாவின் கடை திறந்திருக்கிறது.

அவர் ஊக்கச் செய்திகளைக் கண்டுபிடித்தது அப்போதுதான். ஒவ்வொருவன் பெயரையும் போட்டு அவன் போனுக்குத் தானாகவே போகும் குறுஞ்செய்தி. 'விழித்தெழு இனிகோ. உன் இலக்கு உனக்காகக் காத்திருக்கிறது.' இப்படி ஒரு நூறு வாக்கியங்களை அவரே உட்கார்ந்து எழுதினார். எல்லாவற்றிலும் யாராவது எழுந்தார்கள், ஏதாவது காத்திருந்தது. தமிழ்ப் புத்தாண்டன்று தொடங்க நினைத்தார். அன்று அலுவலகம் விடுமுறை. அதனால் முதல் செய்தி மறுநாள் போனது. ஏப்ரல் பதினைந்து.

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது இலையில் முட்டை இருந்தது.

"மீன் வாங்கலையா?"

"தடைக்காலம் தொடங்கிட்டுல்லா. விசைப்படகு ஒண்ணும் போவாது. சின்ன வள்ளத்துல வார மீனுதான். சீலா மீனுக்கு அவன் சொல்லுத வெலைக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துரலாம்."

"இனி ரெண்டு மாசத்துக்கு முட்டைதானா?"

"கத்தரிக்காயும் இருக்கு."

மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வருடா வருடம் நடப்பது. படகுகளைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள், வலை பார்ப்பார்கள். ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். லிங்கராஜ் பிறந்து வளர்ந்த ஊர் இது. அவருக்கும் தெரியும். தெரிந்ததை அவர் சோற்றுக்கு முன்னால் உட்காரும்போது மட்டும் நினைத்துக்கொள்வார். அலுவலகத்துக்கு அதைக் கொண்டுபோவதில்லை.

முட்டையைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போனார். ஒரு வாரத்தில், எல்லோரும் படித்த நேரத்தைத் திரையில் காட்டும் கோடு ஏறியது. சிவப்பு மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது. லிங்கராஜ் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வாழ்க்கையில் அவர் தொட்ட ஒன்று ஏறியது அதுதான் முதல் தடவை.

"சார், தடைக்காலம்லா. எல்லாவனும் வீட்டுல கெடக்கான்" என்றாள் பேச்சிச்செல்வி.

"அது கோரிலேஷன்மா. ரெண்டும் ஒரே சமயத்துல நடக்கு, அவ்வளவுதான். காரணம் வேற. காரணம் மெசேஜ்."

"நீங்க அனுப்புனதுல முக்கால்வாசிய யாரும் தொறந்தே பாக்கலன்னு நேத்து நீங்கதான காட்டுனிய."

"தொறக்கணும்னு இல்ல. மேல வந்து நிக்கும்போதே மனசுல பதிஞ்சிரும்."

"எனக்கும்தான் லோன் வேணுமான்னு தெனமும் வந்து நிக்கி" என்றாள். பிறகு அவள் போனை எடுத்து அடுத்த எண்ணைப் போட்டாள்.

இனிகோ அந்த இரண்டு மாதமும் படித்தான். காலையில் படகைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் வேலை. மத்தியானத்திலிருந்து பாடம். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பற்றிய பாடத்தின் முதல் பகுதியை அவன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய், கரையேற்றியிருந்த படகின் எஞ்சினை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் போட்டான். திரும்பத் திரும்பப் பார்ப்பதும் நடுவில் நிறுத்துவதும் புரியாமையின் அடையாளம் என்று லிங்கராஜின் கணக்கு முடிவு செய்திருந்தது. இனிகோவின் புள்ளி இரண்டு தடவை மஞ்சளானது. 'தடுமாறாதே இனிகோ. சிகரம் உனக்காகக் காத்திருக்கிறது' என்று செய்தி வந்தது. அவன் அதை விரலால் ஒதுக்கிவிட்டு நான்காவது தடவை பார்த்தான்.

ஜூன் முதல் வாரம் லிங்கராஜ் சென்னைக்குப் போனார். பெரிய திரையில் கோட்டைக் காட்டினார். ஏப்ரல் பதினைந்துக்கு நேரே ஒரு அம்புக்குறி. 'இடையீடு தொடங்கிய நாள்.' கைதட்டினார்கள். இந்துமதி மேடம் அந்தப் படத்தை அறக்கட்டளைக்கு அனுப்ப, அவர்கள் தங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டார்கள். அந்த அட்டையை லிங்கராஜ் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் உயரமாக.

ஜூன் நடுவில் தடை முடிந்தது. படகுகள் கடலுக்குப் போயின. கோடு விழுந்தது.

விடியுமுன் போகும் படகு இருட்டிய பிறகு கரைக்கு வரும். மீனை இறக்கி, ஏலம் முடிந்து, குளித்து, சாப்பிட்டுப் படுப்பதற்குள் மறுநாள் கிளம்ப நேரமாகிவிடும். கடலுக்குள் கொஞ்ச தூரம் போனாலே போனில் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை படகு போகாது. பூசை முடிந்து வந்து பையன்கள் சாயங்காலம்வரை மொத்தமாகப் பார்த்தார்கள். ஒரே நாளில் மொத்தமாகப் பார்ப்பது ஒழுங்கின்மை என்று கணக்கு சொன்னது. அதற்கு மதிப்பெண் குறையும். அதனால் ஞாயிறு படித்தவனின் புள்ளி படிக்காதவனின் புள்ளியைவிடச் சீக்கிரம் சிவந்தது.

பேச்சிச்செல்வி தினமும் போன் போட்டாள். அம்மாக்கள் எடுத்தார்கள்.

"அவன் கடலுக்குப் போயிருக்கான்மா."

மறுநாளும் அதே பதில். ஒருத்தி கடைசியில் பொறுக்க முடியாமல், "ஏளா, நீ தெனமும் கேட்டா கடல் வத்தியா போவும்?" என்றாள்.

படிக்காததற்கான காரணத்தைப் பதிய பேச்சிச்செல்வியின் திரையில் நான்கு தெரிவுகள் இருந்தன. ஆர்வமின்மை, குடும்பச் சூழல், இணையப் பிரச்சினை, மற்றவை. அவள் மற்றவை என்று போட்டாள். தினமும் மற்றவை. லிங்கராஜ் ஆராய்ந்து பார்த்தார். மற்றவை என்று ஒரு தெரிவு இருப்பதால்தான் மற்றவை அதிகமாகிறது என்று கண்டுபிடித்தார். அதை நீக்கினார்.

"கடலுக்குப் போயிட்டான்னு ஒண்ணு சேத்துவிடுங்க சார்."

"அது காரணம் இல்லமா. அது தொழிலு."

மறுநாளிலிருந்து அவள் ஆர்வமின்மை என்று போட்டாள். அதுதான் முதலில் இருந்தது.

ஜூலையில் ஒருநாள் காற்று எச்சரிக்கை என்று படகுகளை விடவில்லை. இனிகோ சட்டை மாற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தான். லிங்கராஜின் மேசை முன்னால் நின்றான்.

"அண்ணாச்சி, பாடத்த போன்ல எறக்கி வச்சுப் பாக்கதுக்கு ஒரு வழி பண்ணித் தந்தியன்னா நல்லாருக்கும். வல போட்டுட்டு நாங்க சும்மாதான் கெடப்போம். படத்த பாக்கோம், பாட்டக் கேக்கோம். தண்ணிக்குள்ள டவர் இல்ல. எறக்கி வச்சா அங்கன வச்சே படிச்சுருவேன்."

"சார்னு சொல்லுங்க."

"சரி, சார்."

"எறக்கிவச்சுப் பார்த்தா நீங்க பார்த்தது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா."

லிங்கராஜ் சிரித்தார். கருணையான சிரிப்பு என்று அவர் நினைத்திருந்த ஒன்று. "தம்பி, இங்க வந்து சேராதது நடக்காதது. அப்படித்தான் சிஸ்டம் பார்க்கும். தினமும் இருபது நிமிஷம் பாருங்க. அதான் ஆரோக்கியமான பழக்கம்."

"எங்க இருந்து பாக்க?"

"வழி தேடுறவனுக்கு வழி கெடைக்கும். நேத்து மெசேஜ்லகூட அதைத்தான் அனுப்பியிருந்தேன்."

வெளியே வரும்போது இனிகோ பேச்சிச்செல்வியின் மேசையருகே நின்றான். "எக்கா, ஆளு பாக்கானா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நடுநடுவுல 'இருக்கிறீர்களா'ன்னு கேக்கும். ஆமான்னு அமுக்கணும்."

"யாரு அமுக்கணும்?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு விரலு அமுக்கணும்" என்றாள்.

ஆகஸ்டில் சிவப்புப் புள்ளிகளில் பதினொன்று பச்சையாயின. சாதாரணப் பச்சை இல்லை. தினமும் ஒரே நேரம், இடைவெளி இல்லை, தடுமாற்றம் இல்லை, திரும்பப் போட்டுப் பார்ப்பது இல்லை. இனிகோ முதலிடத்தில் இருந்தான். இப்படியே போனால் கொச்சிக்குப் போகும் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. போன்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்தபோது லிங்கராஜுக்கு உடம்பு சிலிர்த்தது. பதினொரு புள்ளிகளும் மீன்பிடித் துறைமுகத்தின் வாசலில், ஒரே இடத்தில் குவிந்திருந்தன.

"கூடிப் படிக்கிறாங்க. யாரும் சொல்லாமலே ஒரு கற்றல் வட்டம் உருவாகியிருக்கு. இதுதான் நான் சொன்ன மனமாற்றம்" என்றார்.

பேச்சிச்செல்வி தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

அவர் சென்னைக்கு எழுதினார். இந்துமதி மேடம் நேரிலேயே வந்துவிட்டார். கூட ஒரு புகைப்படக்காரர். விமான நிலையத்திலிருந்து நேரே கார் துறைமுக வாசலுக்குப் போனது. லிங்கராஜ் வழி கேட்டுக் கேட்டுப் போனார்.

புள்ளிகள் குவிந்திருந்த இடம் ஒரு டீக்கடை. இனிகோவின் அக்கா பிளாரன்ஸ் நடத்துவது. அவள் வடை தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஐஸ் பெட்டியின் மூடியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் பதினொரு போன்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் சார்ஜர் வயர்கள். எல்லாவற்றிலும் அதே ஆசிரியர், கொஞ்சம் முன்னும் பின்னுமாக, எஞ்சினைக் குளிர்விப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு ஜெபமாலை சொல்வதுபோல இருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பழகிவிட்டிருந்தது.

ஒரு போன் மணி அடித்தது. பிளாரன்ஸ் கரண்டியை வலது கையில் வைத்தபடியே இடது சுண்டுவிரலால் அதைத் தொட்டாள். மாவு படாத விரல் அது ஒன்றுதான்.

"இது யாரோட போன்மா?" என்று கேட்டார் இந்துமதி மேடம்.

"அது எந்தம்பி இனிகோது. இது அவன் கூட்டாளி ஸ்டெபினுக்குள்ளது. மத்ததும் பயலுவளுக்கு உள்ளதுதான்."

"அவங்க எங்க?"

"கடல்ல."

"நீங்க என்ன பண்றீங்க?"

"இருக்கியான்னு கேக்கும். ஆமான்னு சொல்லணும். பாவம், கேட்டுக்கிட்டே இருக்கு." பிளாரன்ஸ் வடையைத் திருப்பிப் போட்டாள். "சாப்புடுதியளா? சூடா இருக்கு."

"கேள்வி வந்தா?"

"ரெண்டாவதா இருக்கத அமுக்குவேன். பாதி சரியா வருது."

பாதி சரியானால் பச்சை. அந்த அளவை நிர்ணயித்தவர் லிங்கராஜ். அவர் அப்போது போன்களைப் பார்க்காமல் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகைப்படக்காரர் யாரும் சொல்லாமலே இரண்டு படம் எடுத்தார்.

"உங்க தம்பிக்குப் படிக்க இஷ்டம் இல்லையா?"

பிளாரன்ஸ் இப்போது முதல் தடவையாக நிமிர்ந்தாள். "இஷ்டம் இல்லாமலா? தடைக்காலத்துல சோறு ஆறிப்போவும், எந்திரிக்க மாட்டான். ஏப்ரல் பதினஞ்சுல குனிஞ்சவன், படகு விடுத அன்னைக்குத்தான் நிமிந்தான். இப்பம் கடலுக்குப் போறான். எப்பம் படிக்க? தெனமும் பாக்கணும்னு நீங்கதான சொன்னிய. அதான் தெனமும் பாக்கு." போன்களைக் கரண்டியால் காட்டினாள்.

காரில் ஏறிக் கதவை மூடிய பிறகு இந்துமதி மேடம் கேட்டார்.

"முதல் மெசேஜ் என்னைக்கு அனுப்பினீங்க?"

"ஏப்ரல் பதினஞ்சு மேடம்."

"தடைக்காலம் என்னைக்குத் தொடங்குது?"

லிங்கராஜ் சீட் பெல்ட்டைச் சரிசெய்தார். "அதுவும் கிட்டத்தட்ட அதே சமயத்துலதான் மேடம்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் மேடம்."

மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். உப்பு ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. "அந்த கிராஃப் அவங்க அட்டையில இருக்கு" என்றார். "அடுத்த வருஷத்துக்குப் பணம் ஒதுக்கியாச்சு. மேற்குக் கரையையும் நமக்குத் தரேன்னு சொல்லியிருக்காங்க." பிறகு, "இப்போ பார்த்ததுக்கு என்ன பேர் வைக்கிறது?" என்று கேட்டார்.

இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்ல லிங்கராஜ் தாமதிப்பதில்லை. "முறைகேடு மேடம்" என்றார்.

மேடத்தின் முகம் தெளிந்தது. முறைகேடு என்றால் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஜூனுக்குப் பிறகு கோடு விழுந்ததற்குக் காரணம், போலிகளை நிறுவனமே கண்டுபிடித்து நீக்கியது. அதற்கும் ஒரு ஸ்லைடு போட்டார்கள். பதினொரு பேர் நீக்கப்பட்டார்கள். அந்தப் பதினொரு பேரும் ஏப்ரலிலும் மேயிலும் படித்த எண்கள் கோட்டில் அப்படியே இருந்தன. ஆளை எடுத்தால் சீட்டு மிஞ்சும். எண்களை எடுத்தால் கோடே சரியும்.

இனிகோ அடுத்த காற்று எச்சரிக்கையன்று வந்தான். இந்தத் தடவை சட்டை மாற்றவில்லை.

"சார், ஏமாத்துனது தப்புதான். ஏப்ரல்லயும் மே மாசத்துலயும் பாத்தேன்லா, அது நான்தான் பாத்தேன்."

"ஒருவாட்டி ஏமாத்தினவர் முந்தி செஞ்சதையும் நம்ப முடியாது. விதி அப்படி."

"சீட்டு போச்சா?"

"போச்சு."

இனிகோ தலையாட்டினான். போகவில்லை. "இன்ஜெக்டர் பாடம் பாதியில நிக்கி சார். அடைச்சுக்கிட்டா எப்படிக் கழத்திப் பாக்கதுன்னு சொல்லப் போனாரு, அதுக்குள்ள படகு விட்டுட்டாவ. சீட்டு வேண்டாம். அந்த மிச்சத்த மட்டும் பாக்க விடுவியளா?"

"லாகின் முடக்கினா முடக்கினதுதான் தம்பி. ஒரு பாடத்துக்காகத் தொறக்க சிஸ்டத்துல வசதி இல்ல. அடுத்த ஜனவரியில புதுசா சேரலாம்."

வசதி இருந்தது. ஒரு பொத்தான். அதை அமுக்கினால் யார், எப்போது, ஏன் அமுக்கினார் என்று பதிவாகும். லிங்கராஜ் தன்னைப் பற்றித் தரவு சேர்வதை விரும்புவதில்லை.

அந்த மழைக்காலத்தில் இரண்டு கரைகளும் அவர் பொறுப்பில் வந்தன. தனி அறை, கண்ணாடிக் கதவு. அடுத்த ஏப்ரல் பதினைந்தன்று மேற்குக் கரைக்கும் சேர்த்துச் செய்திகள் அனுப்பினார். இங்கே கோடு ஏறியது. அங்கே அசையவில்லை. அந்தப் பகுதி மக்களின் மனப்பாங்கு பற்றி நான்கு பக்கம் எழுதினார். ஜூன் மாதம் மேற்கில் விசைப்படகுகளுக்குத் தடை தொடங்கியதும் அங்கேயும் ஏறியது. இங்கே அப்போது விழுந்துகொண்டிருந்தது. அதற்குத் 'தாமத விளைவு' என்று பெயர் வைத்தார். சில சமூகங்களுக்கு ஊக்கம் மெதுவாகத்தான் இறங்குமாம். சென்னையில் அதற்கும் கைதட்டினார்கள்.

இனிகோ ஜனவரியிலேயே மறுபடி சேர்ந்திருந்தான். மற்ற பத்துப் பேரும் சேர்ந்தார்கள். இந்தத் தடவை போன்கள் ஒரே இடத்தில் இல்லை. ஒன்று ஐஸ் கம்பெனிக் காவலாளியிடம், ஒன்று மாதா கோவில் வாசல் மெழுகுவர்த்திக் கடையில், ஒன்று கோவில் உபதேசியார் வீட்டில். ஊர் முழுக்கப் பரவி, பதினொரு விதமான விரல்கள் ஆமாம் என்று சொல்லின. முதல் வருடப் படிப்பில் அவர்கள் முழுதாகக் கற்றுக்கொண்ட பாடம் அது.

தடைக்காலம் வந்தது. இனிகோ வீட்டில் இருந்தான். போனை வாங்கி வரவில்லை.

"இப்பமாது நீ பாத்தா என்னலே?" என்றாள் பிளாரன்ஸ்.

"நான் பாத்தா மஞ்சளாயிருது. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றான். படகு பழுது பார்க்கும் இடத்தில் பெயிண்ட் அடிக்கப் போனான்.

அவன் புள்ளி ஜனவரியில் பச்சை, செப்டம்பரிலும் பச்சை. நடுவில் ஒருமுறைகூட நிறம் மாறவில்லை. கொச்சிப் பட்டியலில் முதல் பெயர். லிங்கராஜுக்கு அவனைவிட நல்ல உதாரணம் கிடைத்திருக்க முடியாது. வழி தவறியவனைத் திருத்தி எடுத்த கதையை அவர் ஒரு ஓட்டல் அரங்கத்தில் சொன்னார். மேடையில் இனிகோ பக்கத்தில் நின்றான். வெள்ளைச் சட்டை. போன வருடம் டீக்கடையில் எடுத்த படங்களில் ஒன்று திரையில் வந்தது. பிளாரன்ஸின் சுண்டுவிரல் தெரியாதபடி ஓரத்தை வெட்டியிருந்தார்கள்.

"உங்களை மாத்தினது எந்தச் செய்தி? அரங்கத்துக்குச் சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார்.

இனிகோ யோசித்தான். மேசையில் சான்றிதழும் கொச்சிக்கு ரயில் டிக்கெட்டும் இருந்தன.

"எல்லாமே, அண்ணாச்சி" என்றான்.

பலமாகக் கைதட்டினார்கள். லிங்கராஜின் முகம் ஒரு கணம் சுருங்கி, கேமராவுக்காக மறுபடி விரிந்தது.

கீழே இறங்கி வந்தவனிடம் பேச்சிச்செல்வி ஒரு தம்ளர் காப்பியைக் கொடுத்தாள்.

"அந்த இன்ஜெக்டர் பாடத்தோட மிச்சத்தப் பாத்தியாலே?"

"இல்லக்கா" என்றான் இனிகோ. "போன் பாத்திருக்கும்."